கல்லறுக்கும் மெஷினும் காஞ்சிபுரத்துக் காதுகளும்

பெட்ரோலில் ஓடுகிற கட்டிங் மெஷினை ரிப்பேர் செய்கிறவனிடம் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. இவனுக்குக் காது போயிருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். மழைக்காலத்துக் காலையில் ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உதைத்துக் கால் வீங்கினவர்களுக்கு என் பாடு புரியும். உங்களுக்குக் கால் என்றால் எனக்குத் தோள்பட்டை. கையில் தூக்கிப் பிடித்துக் கருங்கல், கான்கிரீட், இரும்புக் கம்பி எல்லாவற்றையும் அறுக்கிற மெஷின் அது. முன்னால் வட்டமாக ஒரு பிளேடு, பின்னால் சின்ன இன்ஜின், பக்கத்தில் இழுத்து ஸ்டார்ட் செய்ய ஒரு கயிறு. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர் ரோடு வேலைக்காரர்களும் கல் வேலைக்காரர்களும் அதை வாங்க ஆரம்பித்தார்கள். கெட்டுப்போனால் ஒலிமுகமது பேட்டையில் இருந்த என் கடைக்குக் கொண்டு வருவார்கள்.

ரிப்பேர் முடிந்து ஓட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைப்பேன். அப்போது ஒரு அமைதி வரும். தெருவே ஏரித் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல இருக்கும். பிறகு சைக்கிள் மணி, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், குழாயடிப் பேச்சு என்று ஒவ்வொன்றாக எங்கிருந்தோ மிதந்து வரும். அப்படி மிதந்து வந்த பேச்சில் சிலதுதான் இங்கே.

விளக்கெண்ணெய்

தணிகாசலம் கூரத்துக் கல் தச்சர். கோயில் தளத்துக்குக் கல் அறுக்கிறவர். ஒருநாள் காலையில் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இழுக்குது, புகையுது, நின்னுடுது" என்றார். பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று கயிற்றை இழுத்தேன். வெள்ளை வெளேரென்று புகை. வெயில் அப்போதுதான் தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. புகை கலையாமல் அந்த வெளிச்சத்தில் அப்படியே தொங்கியது. வாசனை மட்டும் பெட்ரோல் வாசனையாக இல்லை. கர்ப்பகிரகத்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. தெருவில் போன ஒரு அம்மா நடையைத் தளர்த்தி, செருப்பைக்கூடக் கழற்றப் பார்த்து, கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு நடந்தார்.

இந்த இன்ஜினுக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அதற்கென்று தனி ஆயில் இருக்கிறது. பிரித்தால் பிஸ்டன் ரிங்கெல்லாம் பாகு காய்ந்தது போல ஒட்டிக் கிடந்தது. "என்னத்தண்ணே ஊத்துனீங்க?" என்றேன். "விளக்கெண்ணெய்" என்றார், தயங்காமல். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி எடுக்க ஒரு பொழுது போயிற்று. கொடுக்கும்போது, இனிமேல் அதை ஊற்றவே கூடாது என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். அவருக்கு மனசே ஆறவில்லை.

"சாமி விளக்குக்கே அதான் ஊத்துறோம் பாய், இதுக்கு ஆகாதுன்னா இது எந்த ஊரு மெஷினு?"

பட்டுக் கயிறு

முசரவாக்கத்து கஜேந்திரன் எனக்கு வாடிக்கை. ஆள் பேசவே மாட்டான். தென்னேரி ஏரியில் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் பழைய கான்கிரீட்டை அறுக்கிற வேலைக்குப் போயிருந்தபோது மெஷினில் என்னவோ கோளாறு என்று சொல்லி அனுப்பினான். நானே பஸ் பிடித்துப் போனேன். கரையில் உட்கார்ந்து மெஷினைப் பிரித்தேன். ஏரி நிறைந்திருந்தது. அக்கரை தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. பெயர் தெரியாத வெள்ளைப் பறவைகள் தண்ணீரில் இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தன. ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே நைலான் கயிறு இல்லை. அரக்குச் சிவப்பில், மூன்று புரியாகப் பின்னின ஒரு பட்டுக் கயிறு சுருண்டிருந்தது. நடுவில் ஒரு இழை ஜரிகை வெயில் பட்டு மின்னியது. பழைய கயிறு அறுந்துபோன அன்று, அவன் மனைவி செல்வி தறியில் மிஞ்சின பாவு நூலை முறுக்கிப் பின்னிக் கொடுத்தாளாம். மாதக்கணக்காக அதில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறான். பையில் புது நைலான் கயிறு வைத்திருந்தேன். மாற்ற எனக்குக் கை வரவில்லை. கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, எழுந்து நின்று வழக்கம் போல ஓங்கி இழுக்கப் போனேன். பேசாத கஜேந்திரன் பதறிப்போய் என் கையைப் பிடித்தான்.

"கல்யாணப் பொடவைக்கு வந்த பட்டு பாய், வெடுக்குனு இழுக்காதீங்க, மரியாதையா இழுங்க."

மூச்சு

ஒரு மத்தியானம் அந்தச் செல்வி தனியாகக் கடைக்கு வந்தாள். கஜேந்திரனின் மெஷின் அப்போது என்னிடம் சர்வீஸுக்கு வந்திருந்தது. வாசலிலேயே நின்றாள். "அண்ணா, அதை நீங்க சரி பண்ணாதீங்க. ரிப்பேர் ஆவாதுன்னு சொல்லிடுங்க" என்றாள். கஜேந்திரனுக்கு இருமல். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறான். தலையணையெல்லாம் கல் தூசு. மூக்கில் துணி கட்டச் சொன்னால் சிரிக்கிறான். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மெஷின் போனால் அவனுக்குப் பிழைப்பும் போகும். அவள் போன பிறகு அந்த மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிளேடில் தண்ணீர் விழுவதற்கென்று அதிலேயே ஒரு குழாய் உண்டு. தண்ணீர் விழுந்தால் தூசு பறக்காது. சேறாகிறது என்று கஜேந்திரன் அதைக் கழற்றி எறிந்திருந்தான். நான் வேறொரு குழாய் தேடி மாட்டினேன். அவன் வந்ததும் நான் இருமலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏர் ஃபில்டரை எடுத்து அவன் எதிரில் தட்டினேன். மாவு மாதிரி கொட்டியது. சிலிண்டரில் விழுந்திருந்த கோடுகளைக் காட்டினேன். "தண்ணி விடாம அறுத்தா மெஷினு பூராத் தூசியையும் உள்ள இழுக்குதுபா. இப்படியே போனா தாங்காது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளைக்கு ஜுரம் என்று கேட்டவன் மாதிரி அவன் முகம் வாடிவிட்டது.

அடுத்த மழைக்கு முன்னால் செல்வி மறுபடி வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டரிடமும் காட்டினார்களாம், இப்போது படுத்துத் தூங்குகிறானாம்.

"பொண்டாட்டி சொன்னா கேக்கல, மெஷினுக்கு மூச்சு முட்டுதுன்னதும் குடத்தைத் தூக்கிக்கினு ஓடுறாரு, எப்படியோ, ரெண்டு பேருக்கும் மூச்சு வருதுண்ணா."

எதிர் மாடி

வீட்டுக்காரர் கீழேயே இருக்கிற எதிர் மாடிக்கு ஒரு நாதஸ்வரக்காரர் குடி வந்தார். நான் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகித் திருகிச் சத்தத்தைச் சரிபார்க்கிற நேரமும் அவர் சாதகம் செய்கிற நேரமும் ஒன்றாகவே அமைந்தது. கரகரவென்று இருக்கிற இன்ஜின் சத்தம் ஸ்குரூ சரியான இடத்துக்கு வந்ததும் இழைந்து ஒரே சீராகிவிடும். அந்த இடத்தில் எனக்குக் கண் தானாக மூடும். அப்படி மூடித் திறந்தபோது ஒருநாள் அவர் எதிரே நின்றிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று மெஷினை அணைக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அதே இடத்துல புடிச்சு நிறுத்துங்க பாய், நான் மேல போயி வாசிக்கிறேன், வீட்டுக்காரன் எந்தச் சத்தம் தாங்காம ஓடியாரான்னு பாத்துடலாம்."

தறிக்குழி

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கஜேந்திரன் கடையில் உட்கார்ந்திருந்தான். அவன் மெஷின் என் மேஜைமேல் பாதி பிரித்துக் கிடந்தது. பின் தெருவில் தறி போட்டிருந்த முனிரத்தினம் நனைந்த உடம்போடு ஓடி வந்தார். "பாய், சுவரு உழுந்துடுச்சு. தனலட்சுமி குழியில மாட்டிக்கினு இருக்குது" என்றார். தனலட்சுமி அவர் மனைவி. பிரித்த மெஷினை எப்படி மாட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, கடைசி நட்டைத் தெருவில் ஓடிக்கொண்டேதான் முடுக்கினேன்.

நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்கிற குழி அது. சுவரோடு மேலே இருந்த கான்கிரீட் உத்திரமும் சாய்ந்து, குழிக்குக் குறுக்கே விழுந்திருந்தது. தறிக்கட்டைதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டையும் மெல்ல முனகியது. உத்திரத்துக்குக் கீழே தனலட்சுமியின் தலையும் ஒரு கையும் தெரிந்தன. அவருக்கும் எங்களுக்கும் நடுவே முடியப் போகிற முகூர்த்தப் புடவை விறைப்பாக நின்றது. கயிற்றை இழுத்தேன். மெஷினில் மூச்சே இல்லை. பிளக் நனைந்துவிட்டது. கழற்றி, என் பனியனில் துடைத்து, யாரோ நீட்டின சிகரெட் லைட்டரில் காட்டி மாட்டி, வாய்க்குள் துவா ஓதிக்கொண்டு மறுபடி இழுத்தேன். கிளம்பிவிட்டது. கஜேந்திரன் குனிந்து அறுத்தான். அக்கம்பக்கத்து ஆட்கள் உத்திரத்துக்குக் கட்டையை முட்டுக்கொடுத்தார்கள். முனிரத்தினம் பிளேடில் தண்ணீர் ஊற்றினார். சாம்பல் நிறத் தண்ணீர் அந்த மயில்கழுத்துப் பட்டின்மேல் ஓடியது. பொறி மழையில் பறந்து பறந்து அணைந்தது.

தனலட்சுமிக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, கோடைக்குள் வேறு தறியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் எனக்குக் கனவில்கூட வருவது வேறு. உத்திரம் துண்டாகி இன்ஜினை அணைத்ததும் அந்த அமைதி வந்தது. மழைகூடச் சத்தமில்லாமல் பெய்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. வெளியே இழுக்க வேண்டுமென்றால் தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலை அறுத்தாக வேண்டும். முனிரத்தினம் கத்தரிக்கோலோடு அதன் எதிரே நின்றார். அறுக்க மனசு வரவில்லை. அப்போது குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? பொடவைய வேற நெய்ஞ்சுக்கலாம், என்னைய வேற நெய்ய முடியுமா? அறுய்யா!"

இத்தனை மெஷின்களைப் பிரித்துப் பார்த்ததில், தேய்மானமே இல்லாத பாகம் என்று நான் கண்டது அவற்றைச் சுற்றி நிற்கிறவர்களின் வாய் ஒன்றைத்தான்.