ஊர் கேட்டாலும் உள்ளே போகாதே

பிள்ளைகளைத் தெருக் கடக்க வைப்பவளுக்குக் கார்க்காரரைவிடப் பெற்றோரிடம்தான் பயம் அதிகம். இந்த வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பள்ளிக்கூட வாசலில், 'நில்' என்று எழுதிய வட்டப் பலகைத் தடியோடு தினமும் நிற்கிறேன். பிள்ளைகள் பேய், பூனை என்று வேடம் போடும் ஹாலோவீன் அன்று மட்டும் சம்பளமில்லாத இன்னொரு ஷிப்ட் உண்டு. பொழுதுபட்டதும் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரை வீடு வீடாக இனிப்பு வாங்கக் கூட்டிப்போவேன். ஏழு பேரையும் முழுசாகத் திருப்பிக் கொடுப்பேன் என்பது தாய்மாருக்கு நான் கொடுத்த வாக்கு.

கறுப்புப் பூனை

ஏழு பேரில் ஒருத்தி ஆரணி. போன வருடம் அவளுக்கு ஆறு வயது. கச்சான் கடலை வாயில் பட்டாலே தொண்டை வீங்கிவிடும். அதற்கான ஊசி என் பையில் இருக்கும். அந்த ஹாலோவீனுக்குத் தலையில் இருந்து கால்வரை கறுப்பு உடுத்துப் பூனையாக வந்தாள். வேலைக்குப் போடும் என் ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட்டை மேலே போட்டுவிட்டேன். மினிகேப் டாக்சி ஓடும் தகப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தேடித் தேடி வாங்கிய உடுப்பாம், அது ஒருவருக்கும் தெரியாதாம், ஜாக்கெட்டைக் கழற்றட்டாம். கழற்றினால் நான் கூட்டிப்போக மாட்டேன் என்றேன். முறைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அரை மணித்தியாலம் இருக்காது. நாங்கள் தெருவைக் கடக்கும்போது சந்தியில் திரும்பிய கார் ஒன்று ப்ரேக் அடித்து நின்றது. அவரேதான். கண்ணாடியை இறக்கினார். "அக்கா, மஞ்சள் மட்டும்தான் தெரிஞ்சது. என்ர பிள்ளை தெரியேல்லை."

ஆறு

என் சட்டங்கள் மூன்று. இனிப்புத் தருவோம் என்று வாசலில் பூசணிக்காய் வைத்த வீட்டை மட்டும் தட்டு. வாசற்படி தாண்டாதே. நான் பார்க்காமல் எதையும் வாயில் வைக்காதே. அன்றைக்குப் பச்சைக் கதவு வீட்டு வாசலில் ஒரு குட்டிப் பேயின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்து தலை எண்ணினேன். ஆறு. திரும்ப எண்ணினேன், ஆறுதான். பூனையைக் காணவில்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஓடினேன். அந்த வீட்டுக்குச் சுவிஸில் இருந்து புதிதாகக் குடிவந்த தமிழ் அக்கா, வந்த பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லாமல் குசினி மேசையில் இருத்தியிருந்தார். ஆரணிக்கு முன்னால் கோப்பை நிறையக் கச்சான் அல்வா. நல்ல காலம், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். அக்காவுக்குக் கொஞ்சம் சத்தம் போட்டேன், மறைக்க மாட்டேன். மூன்றாவது சட்டம் நினைவிருந்த பிள்ளைக்கு இரண்டாவது எப்படி மறந்தது என்று கேட்டேன். "அவ எங்கட ஊர் எதெண்டு கேட்டவ, அன்ரி. அப்ப ஸ்ட்ரேஞ்சர் இல்லைத்தானே."

நாலாவது சட்டம்

ஊர் கேட்டாலும் உள்ளே போகாதே. இந்த வருடம் புறப்படமுதல் ஏழு பேரையும் இதை மூன்று தரம் சொல்ல வைத்தேன். சுவிஸ் அக்காவும் கோபம் ஆறி, கேற்றடியில் மேசை போட்டு, கச்சான் சேராத பெட்டி இனிப்புகளாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எனக்கு வாசித்தும் காட்டினார். பிறகு என் ஊரைக் கேட்டார். கொக்குவில் என்றேன். அவருடைய தாயும் கொக்குவிலாம். குளிருக்குள் நிற்காமல் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். கேட்டதும் என் கால் தானாகவே படியில் ஏறிவிட்டது. இந்த முறை அளவான மஞ்சள் ஜாக்கெட் போட்ட அதே பூனை குறுக்கே வந்து கையை நீட்டியது. "ஊர் கேட்டாலும் உள்ளுக்குப் போகக் கூடாது அன்ரி. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பன்னிரண்டு வருடமாகத் தெருவில் கார்களை நிறுத்திய என்னையும் நிறுத்த ஆள் வந்துவிட்டது, தேத்தண்ணிதான் கிடைக்கவில்லை.