அறுபது வயதுவரை பூட்டிய பணம்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் ஓய்வூதியப் பிரிவில் வேலை செய்தேன். மற்றவர்களின் முதுமையைக் கணக்கிட்டுக் கொடுப்பது என் தொழில். எங்கள் ஆட்கள் அதிகம் இல்லாத காலம் அது. பெரிய சம்பளம் வாங்கும் தமிழர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்: ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணை.

அவருடைய சம்பளத்தின் உச்சியில் நூறு குரோனர் கூடினால் அதில் அறுபதுக்கு மேல் வரிக்குப் போய்விடும். ஆண்டு முடிவதற்குள் ஓய்வூதியக் கணக்கில் போட்டால்தான் அந்த ஆண்டின் வரியில் கழிக்கலாம். ஆகவே டிசம்பர் பிறந்ததும் அவருக்கு நாடித்துடிப்பு ஏறிவிடும், என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்.

மூன்றாம் மாடி வாடகை வீடு. மேசையில் கோழிக்கறி, பக்கத்தில் என் கல்குலேட்டர்.

"தம்பி, சுத்தி வளைக்காமச் சொல்லும். எது லாபம்? கணக்கில பூட்டுறதோ, வரி கட்டிக் கையில எடுக்கிறதோ?"

"பூட்டுறதுதான் அண்ணை. இப்ப வரி கட்டாமப் போடலாம். அறுபதில எடுக்கேக்க கட்டுறது இதைவிடக் குறைவு. இடையில உடைச்சால் மட்டும் நல்ல அடி விழும்."

"அறுபதில எங்க இருந்துகொண்டு எடுக்கப்போறியள்?" என்று அவர் மனைவி கேட்டார். அவர் எனக்கு அக்கா.

"வேற எங்க? யாழ்ப்பாணத்தில."

"அங்கயிருந்து பொடியங்கள் ஓடி வந்து இஞ்ச அகதி முகாமில கிடக்கிறாங்கள். நீங்கள் அங்க போறதுக்குக் காசு சேர்க்கிறியள். வழியில சந்திச்சால் சுகம் கேளுங்கோ."

அக்கா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். அவருக்கு வேண்டியிருந்தது நகரத்துக்கு வெளியே விலைக்கு வந்திருந்த ஒரு வரிசை வீடு. நிலமட்டத்தில் சமையலறை, தனக்கென்று ஒரு வாசல் கதவு. வரி கட்டி மிஞ்சுவது கொஞ்சம்தான்; ஆனால் கையில் இருக்கும், முன்பணத்துக்குக் காணும். மிச்சத்துக்குக் கடன். அந்தக் கடனின் வட்டியையும் வரியில் கழிக்கலாம் என்பதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அண்ணையோடு வேலை செய்த டேனிஷ்காரர் அத்தனை பேரும் அப்படித்தான் வீடு வாங்கியிருந்தார்கள்.

"கடனோ?" அண்ணை சாப்பாட்டுக் கையை உயர்த்தினார். "ஒரு டொக்டர் கடன்ல இருக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"எந்தச் சனம்?" என்றார் அக்கா. "இந்தப் படிக்கட்டில ஆறு குடும்பம். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது."

"உமக்கு இது விளங்காது."

"நான் வயசாளியளைக் குளிப்பாட்டுறனான். அறுபதுக்குப் பிறகு ஆர் எங்க போறவை எண்டு எனக்குத் தெரியும்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கல்குலேட்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அந்த ஊர் விலைவாசியில் செலவழிப்பார் என்பதையும் சேர்த்தபோது இலக்கங்கள் இன்னும் அழகாக வந்தன. அண்ணை பணத்தைப் பூட்டினார். அடுத்த டிசம்பரிலும் பூட்டினார். அந்த வரிசை வீட்டை ஒரு தபால்காரர் கடனில் வாங்கினார். ஒன்றிரண்டு வருடத்தில் சட்டம் மாறி வட்டிக் கழிவும் சுருங்கியது. மூடப்போகும் கதவுகளை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் வரிச் சட்டத்துக்கு இல்லை.

ஊரில் கட்டப்போகும் வீட்டுக்கென்று அண்ணை சாமான் சேர்த்தார். மலிவு விற்பனை வந்தால் கதவுப் பூட்டு, கதவுப் பிணைச்சல், நல்ல டேனிஷ் தண்ணீர்க் குழாய்கள். எல்லாம் பெட்டியோடு கட்டடத்தின் நிலவறையில் அவருக்குரிய கம்பிவலை அறைக்குப் போயின. அக்கா குளிர்காலச் சப்பாத்து எடுக்கப் போனால் அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அண்ணைக்கு அறுபது வந்தது. பணமும் வந்தது, சொன்ன நாளில், சொன்ன வரி கழித்து. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அண்ணையின் காணி இராணுவத்தின் கம்பிவேலிக்குள் இருந்தது. இங்கே வீட்டு விலை எங்கேயோ போயிருந்தது. குறைகிற காசுக்குக் கடன் கேட்கலாமே என்று இந்தமுறை அவரே சொன்னார். ஓய்வுபெறப் போகிறவருக்கு அவ்வளவு நீண்ட கடன் தருவதில்லை என்று வங்கியில் மரியாதையாக விளக்கினார்கள்.

"இனி ஏன்?" என்றார் அக்கா. அவருடைய முழங்கால்கள் அப்போதே மூன்று மாடிக்கு மறுப்புச் சொல்லத் தொடங்கியிருந்தன.

போன வருடம் நிலவறையில் பைப் மாற்றவேண்டும், அறைகளை வெறுமையாக்குங்கள் என்று அறிவித்தார்கள். உதவிக்குப் போனேன். அக்கா ஒரு பெட்டியைத் திறந்து குழாயொன்றைக் கையில் எடுத்தார். ஒரு கீறல் இல்லை.

"இதையாவது மேல குசினித் தொட்டியில பூட்டுவம். அங்க இருக்கிற குழாய் எந்த நாளும் ஒழுகுது."

வாடகை வீட்டில் குழாய் மாற்ற முன்அனுமதி வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன்.

"வையும் அதை," என்றார் அண்ணை. "ஊர் வீட்டுக்கு எண்டு வாங்கினது."

அக்கா அதைப் பழைய கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பைப் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அதே இடத்தில் கொண்டுபோய் அடுக்கினோம். பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தது நான்தான்.