ஓடுவதற்கு முன்பே எழுதிய ஓட்டம்

மலாக்காவிலிருந்து நான் அனுப்பிய விளையாட்டுச் செய்திகளில் பாதி, விளையாட்டு நடப்பதற்கு முன்பே எழுதியவை. இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. அப்போதும் இருந்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர. அந்த ஒரு முறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது, இதோ வந்துவிட்டது என்று காப்பிக்கடை தோறும் பேசிக்கொண்டிருந்த காலம். நான் பகலில் துறைமுகக் கிடங்கொன்றில் குமாஸ்தா. மற்ற நேரத்தில், சிங்கப்பூரில் அச்சாகும் ஒரு தமிழ்த் தினசரிக்கு மலாக்கா நிருபர். நிருபர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கிடைத்ததெல்லாம் முத்திரை குத்திய ஒரு கடிதம், தினம் ஒரு இலவசப் பேப்பர், கூட்டங்களில் முன்வரிசை நாற்காலி, அவ்வளவுதான். மலாக்கா வட்டாரத்துக்கு அவர்கள் ஒதுக்கியிருந்தது பல்பொடி விளம்பரத்துக்கு மேலே ஒரு துண்டு இடம். கோயில் திருவிழாவும் சங்கக் கூட்டமும் காலேஜ் பிள்ளைகளின் ஹாக்கியும் ஓட்டப் பந்தயமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். பல்பொடிக்காரர் பெரிய விளம்பரம் கொடுத்த நாளில் மலாக்காவில் எதுவுமே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செய்தி போகிற வழி இது. மூன்று மணிக்கு மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் பஸ் கிளம்பும். உறையைக் கண்டக்டரிடம் கொடுத்தால், ராத்திரி அவர் பத்திரிகை ஆபீஸில் சேர்த்துவிடுவார். மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பஸ்ஸைத் தவறவிட்டால் செய்தி ஊசிப்போச்சு. ஆனால் காலேஜ் விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் சனிக்கிழமை மத்தியானம். முக்கியமான ஓட்டம் எப்போதும் கடைசியில், மூன்றரைக்கு மேல். சிறப்பு விருந்தினர் சாப்பிட்டு, கண்ணயர்ந்து, எழுந்து வரவேண்டாமா?

அதனால் நாங்கள் நிருபர்கள் எல்லாரும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யார் ஜெயிப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். முதல் நாள் இரவே எழுதிவைத்துவிடுவோம். திருவிழாச் செய்தி என்றால் ‘பக்தர்கள் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்பது கொடியேறும் முன்பே எழுதப்பட்டிருக்கும். ஒரு திருவிழா முழுதும் கொட்டோ கொட்டென்று மழை கொட்டி, பூசாரியும் நானும் மட்டும் நின்றிருந்தோம். பேப்பரில் திரளாகத்தான் வந்தது. யாரும் கேட்கவில்லை.

நான் குடியிருந்தது காஜா பேராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு வீட்டின் பின்னறையில். வீட்டுக்காரம்மா, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வேர்விட்ட செட்டிக் குடும்பம். பட்டை பட்டையாக விபூதி பூசுவார், செவ்வாய் வெள்ளி விரதம் இருப்பார், ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாது. வீட்டில் மலாய்தான். அவருடைய மகள் ஆசிரியர் பயிற்சிக் காலேஜில் படித்தாள். தினமும் சைக்கிளில் போய்வருவாள். இருநூற்றிருபது கெஜ ஓட்டத்தில் அவளை அடிக்க மலாக்காவில் ஆளில்லை. நானும் விடாமல் அவளைப் பற்றி எழுதினேன். ‘காற்றைக் கிழித்துக்கொண்டு’ என்ற வார்த்தையை எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது வெறும் நடுநிலை ஆர்வமா என்றால், இல்லை. செய்தி வந்த நாளில் என் தட்டில் மீன் துண்டு பெரிதாக இருக்கும், சம்பல் பிளாச்சான் துவையல் இன்னொரு கரண்டி விழும். மனுஷன் தானே!

வீட்டுக்காரம்மா அந்தத் துண்டுகளைக் கஞ்சிப் பசையால் சுவரில் ஒட்டுவார். தமிழ் எழுத்து தெரியாததால் ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். நான் சொன்னதும் பார்த்துவிட்டு, “பரவாயில்லை லா, அவள் எப்படி இருந்தாலும் ஓடுவாள்” என்றார் மலாயில்.

இன்னொரு பெண் இருந்தாள். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து காலேஜ் விடுதியில் தங்கிப் படித்தவள். பால் வெட்டுகிறவருடைய மகள். ஒவ்வொரு ஓட்டத்திலும் செட்டிப் பெண்ணுக்கு ஒரு முழம் பின்னால் இரண்டாவதாக வருவாள். ஓட்டம் முடிந்ததும் மூச்சு வாங்க என்னிடம்தான் வருவாள்.

“அண்ணே, இந்தத் தடவையாச்சும் என் பேரு வருமா?”

“போட்டிருக்கேம்மா. அங்க வெட்டிடுறாங்க.”

உண்மைதான். இரண்டாமிடம் எழுதினால் சிங்கப்பூரில் கத்தரி விழும். ஆனால் அவளுக்கு அது விளையாட்டான காரியமில்லை. அந்தத் தோட்டத்தில் பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பியவர் அவளுடைய அப்பா ஒருவர்தான். சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? வயசுப் பெண் அரைப் பாவாடை கட்டிக்கொண்டு ஆம்பிளைகள் எதிரில் ஓடுகிறாளாமே, இதற்கா படிக்கப் போனாள் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்க ஒரே பேச்சு. அவர் எல்லாரிடமும் ஒரே பதில் சொல்லியிருந்தார்: “எம் பொண்ணு பேரு பேப்பர்ல வரும், அப்ப பேசுவோம்.” ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பேப்பரை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பேர் வரவே இல்லை.

இதை அவள் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. காலேஜின் ஆண்டுப் போட்டி வந்தது. முதல் நாள் இரவு வழக்கம்போல் எழுதினேன். செட்டிப் பெண் காற்றைக் கிழித்துக்கொண்டு முதலாவது. அதற்கடுத்த வரியில், தோட்டத்தின் பேரோடு, அப்பாவின் தொழிலோடு, இந்தப் பெண் இரண்டாவது. கீழே ஆசிரியருக்குக் கெஞ்சி ஒரு குறிப்பு: தயவுசெய்து இரண்டாவது வரியை வெட்டாதீர்கள், பல்பொடியை வேண்டுமானால் வெட்டுங்கள். மூன்று மணிக்கு உறையைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, பெரிய புண்ணியம் பண்ணிய நினைப்பில் கடற்கரைத் திடலுக்கு நடந்தேன்.

மூன்றே முக்காலுக்குத் துப்பாக்கி வெடித்தது. செட்டிப் பெண் எப்போதும்போல் முன்னால். கடைசி முப்பது கெஜத்தில், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஆள் இருந்தது. தோட்டத்துப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு, நூலை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய் விழுந்தாள்.

திடலே எழுந்து கத்தியது. “அலாமாக்!” என்று, மகள் ஓடுவதைப் பார்க்க வந்திருந்த வீட்டுக்காரம்மா தலையில் கை வைத்தார். நானும் வைத்தேன். அவருக்கு மகள் தோற்ற கவலை; எனக்கு உறை.

அந்தப் பெண் எழுந்து, முட்டியில் ரத்தத்தோடு, நேராக என்னிடம் ஓடிவந்தாள். “அண்ணே! இப்ப வெட்ட முடியாதுல்ல?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “முடியாதும்மா” என்றேன். பாவி.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் ஓடிய ஓட்டத்துக்கு யாராவது கோப்பை கொடுத்திருக்க வேண்டும். தந்தி ஆபீஸ் அரை நாள், பூட்டியாகிவிட்டது. சிங்கப்பூருக்கு டிரங்க் கால் கேட்டேன், லைன் கிடைக்கவில்லை. வழியில் மூவாரில் பஸ் படகுக்குக் காத்திருக்குமே என்று பொறி தட்டியது. அங்கே அப்போது பாலம் கிடையாது. லாரியும் பஸ்ஸும் வரிசையில் நின்று, படகில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். ஒரு வாடகைக் காரைப் பிடித்து, டிரைவரை விரட்டு விரட்டென்று விரட்டிப் போய்ச் சேர்ந்தேன். பஸ் படகின் மேல், ஆற்றின் நடுவில் இருந்தது. கண்டக்டர் படியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு எழுத்து குறையாமல் வந்திருந்தது. என் வாழ்நாளில் அவர்கள் வெட்டாமல் போட்ட ஒரே செய்தி அது. திருத்தம் கேட்டு எழுதினேன். மலாக்கா காலேஜ் ஓட்டத்துக்கெல்லாம் திருத்தம் போட்டால் பத்திரிகையை எப்போது அச்சடிப்பது என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது செட்டிப் பெண் தட்டைத் தள்ளிவைத்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மலாயில், அபாங் என்று என்னை அண்ணன் முறை சொல்லித்தான், பொரிந்து தள்ளினாள்.

“அபாங், அவள் விடுதியில் அழுகிறாள். சனிக்கிழமையே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஜெயித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். கோப்பையைக் காலேஜ் பரிசளிப்பு விழாவில்தானே கொடுக்கும்? கையில் காட்ட ஒன்றும் இல்லை. மறுநாள் பேப்பரில் இரண்டாவது என்று இருக்கிறது. அவளைப் பொய்க்காரி என்று அப்பா சொல்லிவிட்டாராம்.”

“அவருக்கு நான் கடிதம் எழுதுகிறேன்” என்றேன்.

“இன்னும் எழுதுகிறாயா? எழுதினது போதும்! ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறோம். நானும் வருகிறேன்.”

அன்று வீட்டுக்காரம்மா என் தட்டில் போட்டது மீன் வால்.

ஞாயிறு காலை பஸ்ஸில் அவள் என்னிடம் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். ஜாசின் போய்ச் சேரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். தோட்டத்துப் பெண் பஸ் நிற்கும் இடத்திலேயே எங்களுக்காகக் காத்திருந்தாள். என்னைப் பார்த்து வழக்கம்போல் “வாங்கண்ணே” என்றாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அப்பா லயத்து வாசலில் எதிர்கொண்டார். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நிருபர் என்று தெரிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா தம்பி? உள்ள வாங்க, வாங்க. இதப் பாருங்க!”

சாமிப் படத்துக்குப் பக்கத்தில் என் செய்தி ஒட்டியிருந்தது, நேராக. இரண்டாவது வரிக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு.

“லயம் முழுக்கச் சீனி உருண்டை குடுத்தேன் தம்பி. ரெண்டாவதுன்னா சும்மாவா? வாயத் தொறந்தவன் எல்லாம் மூடிக்கிட்டான். இந்தக் கழுதைக்குத்தான் அது பத்தல. மொதலாவதுன்னு கதை விடுறா. ரெண்டாவதே எனக்குப் பெருசும்மா, எதுக்குப் பொய்யின்னு கேட்டேன். நாலு நல்ல வார்த்தை சொல்லிக் குடுங்க.”

அவள் கதவோரம் நின்று தரையைப் பார்த்தாள். எத்தனையோ தலைவர்கள் பேச்சைப் பத்தி பத்தியாக எழுதியவன், சுவரிலிருந்த என் செய்தியையே முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.

செட்டிப் பெண் முன்னால் வந்தாள். கையைக் கூப்பினாள். ஒவ்வொரு வார்த்தையாக, தேர்வு எழுதுகிற மாதிரி சொன்னாள்.

“ஐயா, நான் தோத்துட்டேன். உங்க பொண்ணுதான் ஜெயிச்சா.”

அவர் அவளைப் பார்த்தார். “நீ யாரும்மா?”

அவளுக்குத் தெரிந்த தமிழ் அத்தோடு முடிந்துவிட்டது. சுவருக்குப் போய், செய்தியின் முதல் வரி மேல் விரலை வைத்து, அந்த விரலைத் தன் நெஞ்சில் வைத்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு கதவோரம் நின்றவளைப் போய் இழுத்துவந்து, அவள் கையை மேலே தூக்கிப் பிடித்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “பேப்பர்ல வேற மாதிரி இருக்கே தம்பி.”

“அது, ஐயா, ஓடுறதுக்கு முந்தியே நான் எழுதிட்டேன்.”

“முந்தியேன்னா?”

“முத நாள் ராத்திரியே.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

“ஏம்மா, நீ இன்னொரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?”

“மூணு தடவ சொன்னேனேப்பா.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். மகளின் தலையில் கையை வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய், தானே தேத்தண்ணீர் போட்டு, ஒரு தட்டில் மூன்று கிளாஸோடு வந்தார். முதல் கிளாஸை மகளிடம் கொடுத்தார். இரண்டாவதைச் செட்டிப் பெண்ணிடம். மூன்றாவதற்கு நான் கையை நீட்டினேன்.

அவர் அதைத் தட்டிலேயே வைத்தார்.

“ஓடினவங்க மொதல்ல குடிச்சு முடிக்கட்டும் தம்பி.”

இரண்டு பேரும் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.