பிள்ளையார் பாட்டுக்குப் பிறகு நான்கு வினாடி

எழுபதுகளில் ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, எதுவானாலும் தீர்த்தகிரியின் மைக்செட்தான். போட்டிக்கு வேறு ஆள் கிடையாது. அப்பாவுக்குச் சாமைக் கொல்லையும் ஏழு புளியமரமும் இருந்தன. மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வேலூரில் ஒரு ரேடியோ கடையில் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தான். பிறகு ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், காயலான் கடையில் கிடைத்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர், இவற்றோடு ஜவ்வாது மலையேறி ஊருக்கே வந்துவிட்டான். கரண்ட் எட்டிப் பார்க்காத ஊர்களில் கார் பேட்டரியில் செட் ஓடும்.

மைக்செட்காரனுக்கு ஜென்மப் பகை ஊளைச் சத்தம். மைக்கைத் தெரியாமல் ஸ்பீக்கர் பக்கம் திருப்பிவிட்டால் செட் ஊளையிடும், பந்தியில் இருப்பவர்கள் காதைப் பொத்துவார்கள், மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள். தொழில் தெரிந்தவன் அதை வரவிடமாட்டான். தீர்த்தகிரியும் விசேஷ வீடுகளில் வரவிட்டதில்லை. ஆனால் வேலை இல்லாத நாட்களில் செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய், வேண்டுமென்றே வரவழைப்பான். ஸ்பீக்கரை எதிர்மலைக்குக் காட்டி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே நகர்வான். ஊளை மெலியும், தடிக்கும், இரண்டாகப் பிரியும். எதிர்மலையில் பட்டுத் திரும்பி வருவது மறுபடி மைக்குக்குள் போகும். அதை டேப்பில் பிடித்து, பேட்டரி தீரும் நேரமாகப் பார்த்துப் போட்டுக் கேட்பான். டேப் இழுத்து இழுத்து ஓட, சத்தம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். டேப்பைத் துண்டாக வெட்டி, முனையோடு முனை ஒட்டி, கட்டில் காலைச் சுற்றி வரும்படி மாட்டி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சுழலவிடுவான். அப்போது கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது. அவன் மனைவி கெங்கம்மாள் தரையில் பாய் போட்டுக்கொள்வாள்.

இதற்குப் பெயர் உண்டு என்றோ, இதையே வேலையாகச் செய்கிறவர்கள் பூமியில் இருக்கிறார்கள் என்றோ அவனுக்குத் தெரியாது. சொன்னது ராஜேந்திரன். படவேட்டுக்காரன், காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் நிலையத்தில் மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. ஒருநாள் சைக்கிளில் போனவன் ஓடைப் பக்கம் கேட்ட சத்தத்துக்கு இறங்கி வந்து, முடியும்வரை நின்று கேட்டான். அடுத்த வாரம் சில தாள்களைக் கொண்டுவந்தான். மின்கருவியில் புதுப்புது ஒலி உண்டாக்கும் சிலர் பெங்களூரில் ஒரு குழுவாகக் கூடுகிறார்கள், மாதம் ஒருமுறை இந்தத் தாள்களைச் சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து அனுப்புகிறார்கள், அங்கே இருக்கும் நண்பன் மூலம் தனக்கு வருகிறது என்றான்.

தாள் இங்கிலீஷில் இருக்கும். ராஜேந்திரன் தமிழில் சொல்லச் சொல்லத் தீர்த்தகிரி கேட்பான். எந்த ஊரில் எந்த அரங்கில் யாருடைய ஒலி, அது எத்தனை நிமிஷம், யாரிடம் பழைய கருவி இருக்கிறது, எங்கே பயிற்சி, யார் டேப் அனுப்பலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் நிமிஷக் கணக்கு. அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றுக்கும் அவன் போனதில்லை. ஆனாலும் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று பங்காளிகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் வந்த தாளில் ஓர் அறிவிப்பு. பெங்களூரில் மூன்று மாதப் பயிற்சி, ஐந்து பேருக்கு மட்டும் இடம். தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். சிந்தசைசர் என்ற கருவி இருக்கும், எந்தச் சத்தம் வேண்டுமோ அதைத் திருகித் திருகி உண்டாக்கலாம். படிப்பு கேட்கவில்லை. இருபது நிமிஷத்துக்கு மிகாமல் ஒரு டேப் போதும்.

தீர்த்தகிரி வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. ஒரு மாதம் ஓடைக்கரையே கதியாகக் கிடந்தான். பதினைந்து நிமிஷ ஒலி ஒன்று அமைந்தது. அதைக் கேட்ட கெங்கம்மாள், "இன்னாவோ பண்ணுதுய்யா வயித்துல," என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

டேப்பைப் பார்சல் கட்டும் நேரத்தில் ராஜேந்திரன் ஊரில் இல்லை, மனைவியின் பிரசவத்துக்குப் போயிருந்தான். இருந்திருந்தால் தடுத்திருப்பான். செட்டைத் திறந்தால் முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகுதான் மற்றது. எந்த மைக்செட்காரனும் மீறாத முறை இது. தீர்த்தகிரி ஒரே ஒருமுறை, செங்கம் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில், அவசரத்தில் நேரே சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டான். அரைமணியில் ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. அதிலிருந்து பயம். ஊர்ச் சத்தத்துக்கே பிள்ளையார் வேண்டும் என்றால், பெங்களூருக்குப் போகிற சத்தத்துக்கு? டேப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் பிள்ளையார் பாட்டைப் பதிந்து, அதற்குப் பின்னால் தன் பதினைந்து நிமிஷ டேப்பையே ஒட்டினான்; பிரதி எடுக்க இரண்டாவது மெஷின் அவனிடம் இல்லை. கணக்காக இருபது. மனநிறைவோடு தபாலில் சேர்த்தான், பாவி.

ஆனி மாதம் கடிதம் வந்தது. ஊருக்குத் திரும்பியிருந்த ராஜேந்திரன் படித்தான். பக்திப் பாடல்கள் இந்தப் பயிற்சிக்கு ஏற்கப்படுவதில்லை, டேப் தனியாகத் திருப்பி அனுப்பப்படும், நன்றி. அவ்வளவுதான் இருந்தது. ராஜேந்திரனுக்கு முதலில் புரியவில்லை. விசாரித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். வந்து குவியும் டேப்புகளில் முதல் இரண்டு நிமிஷம்தான் கேட்பார்கள் என்று விளக்கினான். பிறகு சொன்னான்:

"டேப் இன்னும் அவங்க கிட்டதான் இருக்கு. பாட்டுக்கு அப்பால கேளுங்கன்னு ஒரு கார்டு போட்டா போதும். நானே எழுதறேன், நீங்க கையெழுத்துப் போடுங்க."

"வேணாம் சார். சாமி பாட்டு அஞ்சு நிமிஷம் கேக்கப் பொறுமை இல்லாதவங்க கிட்ட மூணு மாசம் இன்னாத்த கத்துக்கறது?"

ராஜேந்திரன் மூன்று நாள் விடாமல் வந்து கேட்டான். தீர்த்தகிரி அசையவில்லை. தனக்குக் கோபம் என்றுதான் அவனே அப்போது நினைத்தான். கோபமில்லை, வெட்கம். தொழிலில் பிசகாத கை என்று பெயர் எடுத்தவன், பெங்களூர்க்காரர்கள் முன்னால் பட்டிக்காட்டானாக நின்றுவிட்டோமே என்று கூசிப்போனான். அந்தக் கூச்சத்துக்கு வீராப்பு என்று சட்டை மாட்டிக்கொண்டான். டேப் வந்து சேர்ந்த வாரத்தில் ஆடித் திருவிழா. அறிவிப்புகளைப் பதிந்துவைக்க டேப் தேவைப்பட்டது. எடுத்தான், பதிந்தான். பிள்ளையார் பாட்டை அழிக்க மட்டும் கை வரவில்லை. அது முடிந்த இடத்திலிருந்து அழித்தான்.

ராஜேந்திரன் மறுவருஷம் மாற்றலாகிப் போனான். தாள் வருவதும் நின்றது.

எண்பத்துமூன்றில் ஒரு மதியம், போளூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் மைக்செட் தீர்த்தகிரி வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். கோபால்சாமி என்று பெயர் சொன்னார். அந்தத் தாள்களை அச்செடுத்து அனுப்பியவர், அந்தக் கடிதத்தையும் டைப் அடித்தவர். தீர்த்தகிரி நாற்காலியை எடுத்துப் போட்டான்.

உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். கடிதத்தை அனுப்பிய மறுநாள், டேப்பைத் திருப்பி அனுப்புவதற்கு முன் சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க ஓடவிட்டாராம். பாட்டு முடிந்ததும் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து எழுந்தவர், அப்படியே நின்று கடைசிவரை கேட்டாராம். தேர்வுக் குழுவில் பெரியவர்கள், முடிவு சொல்லியாகிவிட்டது. வலியப் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றார்.

"உங்க கிட்டேருந்து ஒரு கார்டு வந்திருந்தா, அதைக் காட்டிச் சண்டை போட்டிருப்பேன். தினம் தபால் பார்த்தேன். பத்து நாள் டேப்பை அனுப்பாமகூட வச்சிருந்தேன்."

கெங்கம்மாள் கொண்டுவந்த டீ ஆறிப்போனது. மூன்று நாள் நடையாய் நடந்த ராஜேந்திரனின் முகம் தீர்த்தகிரிக்கு நினைவு வந்தது. ஒரு கார்டு. பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும்.

அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி, அதில் அந்தப் பதினைந்து நிமிஷத்தைப் போட வேண்டும், பிரதி எடுக்க மெஷினே கொண்டுவந்திருக்கிறேன் என்றார் கோபால்சாமி. தீர்த்தகிரி டேப்பை எடுத்து மாட்டினான். பிள்ளையார் பாட்டு ஓடி முடிந்தது. பிறகு அந்த ஊளை எழுந்து, இரண்டாகப் பிரியத் தொடங்கியது. பிரியும்போதே சட்டென்று அறுந்து, "அலோ, மைக் டெஸ்டிங், பெரியோர்களே தாய்மார்களே" என்று தீர்த்தகிரியின் குரலே வந்தது. பாட்டின் வாலை அறுத்துவிடக் கூடாது என்று கொஞ்சம் இடம் விட்டுப் பதிந்திருக்கிறான். அந்த இடத்தில் மிஞ்சியது நான்கு வினாடி.

கோபால்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி செய்ய முடியுமா என்று மெல்லக் கேட்டார்.

"நாலு வருசமா செஞ்சி பாக்கறேங்க. வரல."

அந்த நான்கு வினாடியைப் பிரதி எடுத்துக்கொண்டு அவர் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். ஒன்றரை மாதம் கழித்துத் தபாலில் தாள் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். நிகழ்ச்சியில் ஒன்பது பேர். ஒருவருக்கு எதிரில் இருபத்திரண்டு நிமிஷம், ஒருவருக்குப் பதினெட்டு. கடைசி வரியில் தீர்த்தகிரி, ஜவ்வாது மலை, நான்கு வினாடி. அந்த வரியை இன்னொருமுறை படிக்கச் சொன்னான்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் பிள்ளையார் பாட்டுக்கு அவன் ரெக்கார்டு தேடுவதில்லை. அந்த டேப்பைத்தான் போடுவான். பாட்டு முடிந்ததும் நிறுத்தமாட்டான். சுவிட்ச் மேல் விரலை வைத்துக்கொண்டு, நான்கு வினாடியும் போனபின், தன் குரல் வருவதற்குள் அணைப்பான். பந்தலில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இன்னா தீர்த்தகிரி, செட்டு கெட்டுப்போச்சா?" என்று யாராவது கேட்பார்கள்.

"செட்டு நல்லாத்தாங்க இருக்குது," என்பான். "நான்தான் அழிச்சிட்டேன்."