முடி வெட்டாதவருக்கு டிப்ஸ்

மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவது என்று நாள் குறித்ததும், அவருடைய தலைமுடி எங்கள் வீட்டில் ஒரு பெரிய விவகாரமாகிவிட்டது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதுவரை குப்பத்து முனையில் இருந்த சலூனில்தான் நாங்கள் எல்லோரும் முடி வெட்டிக்கொள்வோம். அங்கே ஒரே ஒரு மாதிரிதான் வெட்டத் தெரியும். பெரியவர்களுக்கு அதைக் கொஞ்சம் பெரிதாகவும் எனக்குக் கொஞ்சம் சிறிதாகவும் வெட்டுவார்கள். ஆனால் பெண், கோவளம் பக்கம், பன்னிரண்டாவது வரை படித்தவள், கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். மாமா எட்டாவதோடு நிறுத்தியவர்.

“இந்த மண்டையோட வந்தீனா நான் கூட வரமாட்டேன்” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மாமா தினமும் விடியற்காலையில் மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சோழிங்கநல்லூர் வழியாக மேடவாக்கம் போய், அங்கே புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்த அடுக்குமாடிகளில் மீன் விற்பார். அந்தச் சாலையில் கண்ணாடிக் கதவு வைத்த ஏசி சலூன் ஒன்று திறந்திருந்தார்கள். வாசலில் ஒரு வெள்ளைக்காரனின் தலை, படமாக, ஆள் உயரத்துக்கு. போகும்போதும் வரும்போதும் மாமா அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே போவாராம்.

உள்ளே போவதற்குத்தான் அவருக்குத் தயக்கம். முடி வெட்டுவது பற்றி அல்ல, டிப்ஸ் பற்றி. எங்கள் சலூனில் அந்த வழக்கம் கிடையாது. கடைசியில், வாடிக்கையாக மீன் கொடுக்கும் ஒரு அடுக்குமாடியின் வாட்ச்மேனிடம் விசாரித்தார். விடுமுறை நாளானதால் நானும் அன்று கூடப் போயிருந்தேன்.

“பில்லு கவுண்டர்ல கட்டிடு. டிப்ஸு வெட்னவன் கையிலயே குடு. மேஜ மேல கீஜ மேல வெச்சீனா மொதலாளி எடுத்துக்குவான்” என்றார் வாட்ச்மேன்.

“எவ்ளோ குடுக்கறது?”

“இருவது குடு, போதும். பத்து குடுத்தா ஒரு மாதிரி பாப்பான்.”

எனக்கு இது விசித்திரமாக இருந்தது. மீன் வியாபாரத்தில் மேற்கொண்டு கொடுப்பது விற்கிறவர்தான். கால் கிலோ சங்கரா வாங்கும் அம்மாள்கூட ஒரு கை நெத்திலியைக் கொசுறாகப் போடாவிட்டால் நகரமாட்டாள். இங்கே காசு கொடுக்கிறவரே கொசுறும் கொடுக்க வேண்டுமாம். ஆனாலும் அந்த விதிகளை நான் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். நான்காம் வகுப்பில் எனக்கு விதிகள் என்றால் பிடிக்கும்.

வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்த மாமா, தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். சலவைச் சட்டை போட்டார். பெட்டிக்கடையில் மாற்றிய புது இருபது ரூபாய் நோட்டு ஒன்றைச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொண்டார். மற்ற பணம் வழக்கம்போல் இடுப்பில், வியாபாரப் பையில். சாயங்காலம் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சலூனுக்குள் குளிர் கொன்றது. கறுப்பு டீ-சர்ட் போட்ட இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவனுக்கு முடி செம்பட்டை நிறத்தில் சாயம் பூசியிருந்தது. அவன்தான் மாமாவை உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, தலைமுடிக்குள் விரல்களை விட்டான். விட்டவன் அப்படியே நின்றான். பிறகு விரல்களை எடுத்துத் தன் மூக்கருகே கொண்டுபோனான்.

“மச்சான், இவர நீ பாத்துக்க. எனக்கு ஒரு கஸ்டமர் வர்றாரு” என்று அடுத்தவனிடம் சொல்லிவிட்டுப் போய்க் கை கழுவினான். வந்து ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை நோண்ட ஆரம்பித்தான். நாங்கள் இருந்தவரை அவனுடைய கஸ்டமர் யாரும் வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண் எழுந்துவந்து எங்கள் நாற்காலியைச் சுற்றி ஏதோ ஸ்பிரே அடித்தாள். எலுமிச்சையும் மல்லிகையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எங்களுக்கென்றே அடித்தார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு வகையில் அது உண்மையும்கூட.

கண்ணாடியில் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

அடுத்தவன் ஒல்லியாக இருந்தான். அவன் மூக்கைத் தொடவில்லை. மாமாவின் தலையைப் பின்னால் சாய்த்து ஷாம்பு போட்டுக் கழுவினான்.

“இன்னாண்ணா, எதனா விசேஷமா?” என்று கேட்டான்.

“நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம்பா.”

“அப்படியா! அப்ப நெத்தி நல்லாத் தெரியற மாதிரி வெட்டறேன். மேல மட்டும் கொஞ்சம் தூக்கி வுட்டுக்கோங்க.”

அதன் பிறகு அவன் அவசரமே படவில்லை. காதோரம் வெட்டுவான், தள்ளி நின்று பார்ப்பான், மறுபடி வந்து வெட்டுவான். முடிந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யாரோ ஒரு காலேஜ் பையன். குரல் மட்டும் மாமாவுடையது.

மாமா கவுண்டரில் பில்லைக் கட்டினார். சட்டைப் பையிலிருந்து புது நோட்டை எடுத்து ஒல்லியானவன் கையில் வைத்து, அந்தக் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் சொன்னபடி எல்லாம் சரியாக நடந்துவிட்டது. நான் கதவைத் தள்ளப் போனேன்.

மாமா வரவில்லை. திரும்பி, செம்பட்டை முடிக்காரன் உட்கார்ந்திருந்த நாற்காலியிடம் போனார். இடுப்புப் பையைத் திறந்து ஓர் ஐம்பது ரூபாய் நோட்டை உருவினார். எங்கள் வீட்டுப் பணம் எப்போதும் இருக்கிற மாதிரிதான் அதுவும், நமுத்துப்போய், மடங்கி, மீன் செதிள் ஒட்டி இருந்தது. அதை அவன் முன்னால் நீட்டினார்.

“இந்தாப்பா.”

“எனக்கு எதுக்கு சார்? நான் உங்களுக்கு வெட்டலியே.”

“தெரியும். வெச்சுக்கோ.”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கவுண்டர் பெண்ணைப் பார்த்தான், பிறகு ஒல்லியானவனைப் பார்த்தான். கடைசியில் இரண்டு விரலால் நோட்டை வாங்கினான். அவன் அதைப் பேன்ட் பாக்கெட்டில் வைக்கிறவரை மாமா அங்கேயே நின்றார்.

வண்டியில் வரும்போது நான் தாங்கமுடியாமல் கேட்டேன். “மாமா, அவரு முடியே வெட்டல. அவருக்குப் போயி அம்பது ரூபா குடுத்துட்டியே!”

“ஒழுங்கா உக்காரு. வண்டி ஆடுது.”

மறுநாள் பெண் வீட்டில் நெடுநேரம் டீசல் விலையையும் கிழிந்த வலையையும் பற்றியே பேசினார்கள். மாமா குனிந்த தலை நிமிரவில்லை. பேச்சுக்கு இடைவெளி விழுந்தபோது பெண்ணின் அம்மா, “தம்பிக்கு முடி நல்லாகீது. எங்க வெட்னது?” என்று கேட்டார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். ஏசியைச் சொன்னேன். ஸ்பிரேயைச் சொன்னேன். தலைக்குள் கை விட்டவன் விரலை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போனதைச் சொன்னேன். “ஆனா மாமாவுக்கு டிப்ஸ் குடுக்கவே தெரியல. வெட்னவருக்கு இருவது, வெட்டாதவருக்கு அம்பது!” என்று முடித்துவிட்டு, எல்லோரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெண்ணின் அம்மா கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் காது சிவந்துவிட்டது. முடி குறைந்திருந்ததால் நன்றாகவே தெரிந்தது.

உள்ளறை வாசலில் நின்றிருந்த பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அவன் வாங்கிக்கினானா?”

“வாங்கிக்கினான். பாக்கெட்ல வெச்சிக்கினான்.”

“அது போதும்” என்றாள். அப்போதுதான் மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முதலிலேயே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சம்மதம் என்று போன் வந்துவிட்டது. அம்மா தெரு முழுக்க அந்த ஏசி சலூனின் மகிமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு மாப்பிள்ளைகள் அங்கே போய் வெட்டிக்கொண்டதாகக்கூடக் கேள்வி.

கல்யாணமாகி அத்தை எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். அவளிடம் நான் சீக்கிரமே ஒட்டிக்கொண்டேன். ஒரு நாள் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாட்ச்மேன் சொன்ன விதிகளை எல்லாம் ஒப்பித்துவிட்டு, மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று குறைபட்டுக்கொண்டேன்.

“யாரு சொன்னா? தெரிஞ்சிதான்டா குடுத்துகீறாரு” என்றாள் அத்தை.

புருஷனை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.