ஸ்டெல்லா அக்கா சொல்லாத முகவரி

மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் இருக்கும் எங்கள் சேலைக் கடையில் பார்சல்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டாம்மா" என்றார். மாரடைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் முகநூல் நேரலையில் சேலை வாங்கிய உங்கள் எல்லோருக்கும் அக்காவின் குரல் தெரியும். குரலுக்குப் பின்னால் இருந்த மனுஷியைப் பற்றி, அவருடைய கூட்டாளியான நான்தான் சொல்லவேண்டும்.

பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டும் போலிக் கடைகள் இணையத்தில் பெருகி, எங்களையும் யாரும் நம்பாத நேரம் அது. அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். அனுப்பப்போகும் பார்சல்களை நேரலையில் தூக்கிக் காட்டி, கல்யாண வீட்டில் மொய் வாசிப்பதுபோல் பெயரையும் ஊரையும் உரக்கப் படித்தார். "பாத்துக்குங்க, நாங்க ஏமாத்துக்காரங்க இல்ல" என்பார். தங்கள் பெயர் வரும்வரை காத்திருந்து கேட்டவர்கள் உண்டு. வியாபாரம் சூடு பிடித்தது.

அப்படித்தான் பக்கத்து ஊரான ஈஜோக்குக்குப் போகும் ஒரு பார்சலையும் படித்தார். மறுநாள் கூரியர் லோரி வருவதற்கு முன்பே ஒருவன் கடைக்குள் வந்து நின்றான்.

"நேத்து லைவ்ல படிச்சீங்களே, அது என் பொண்டாட்டி. அடிச்சேன்னு புள்ளைங்கள தூக்கிட்டு ஓடிட்டா. எந்த வீடு?"

அந்தப் பார்சல் அவன் கைக்கெட்டும் தூரத்தில், மேசைமேல் கிடந்தது. அக்கா நிதானமாக ஒரு சேலையை உதறிப் பார்சல்கள்மேல் விரித்தார்.

"புருஷன்னா அட்ரஸ் தெரிஞ்சிருக்கணுமே, தம்பி."

"நான் போலீசுக்குப் போவேன்."

"போங்க. போலீஸ் வந்தா அவங்ககிட்ட பேசிக்கிறேன். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

மேசையை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

அவன் வண்டி மறைந்ததும் அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கைகால் உதறியது. "நாந்தான் காட்டிக் கொடுத்துட்டேன் லா" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஈஜோக் போனார். அவளையும் பிள்ளைகளையும் கொண்டுபோய் விட்ட இடம் எங்கள் கடையில் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இங்கேயும் எழுத மாட்டேன்.

அடுத்த நேரலையில் நடந்த தவற்றை அக்கா ஒளிக்காமல் சொன்னார். இனி ஆர்டர் எண் மட்டும்தான் படிப்போம், சேலை வாங்கியவருக்கு மட்டும் பார்சலின் படம் தனியாக வரும் என்றார். பெயர் படிக்காத கடையை எப்படி நம்புவது என்று சிலர் விலகிப் போனார்கள். எனக்கு எரிச்சல். அக்காவோடு சண்டையே போட்டேன். "நம்பிக்கை வேணும்னா நம்ம மூஞ்சியக் காட்டுவோம். அவங்க வீட்டைக் காட்ட நாம யாரு?" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கடைப் போன் அடித்தது. அதே ஆள்.

"அந்தம்மா செத்துட்டாங்களாமே. இனி உனக்கு என்ன வம்பு? நீயாச்சும் சொல்லு லா."

கடையில் நான் தனியாக இருந்தேன். "சொல்ல மாட்டேன்" என்றேன். குரல் நடுங்கியது அவனுக்கும் கேட்டிருக்கும். போனை வைத்ததும் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினேன்.

பயந்துகொண்டே மறுக்கலாம் என்பதை அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அந்த முகவரி இப்போது எங்கள் கடையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.