படியம்மா வீட்டுக் கம்ப்யூட்டர்

மூன்று மாடிக் கடைக் கட்டடம் அது. லிப்ட் என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஏறி இறங்கிய நாளைவிட நின்றுகொண்டிருந்த நாள்தான் அதிகம். மேல் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவனுக்கு இடது கால் சரியில்லை. சின்ன வயதில் முறிந்து, கோணலாகச் சேர்ந்துகொண்ட கால். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒரு படி ஏறி, மூச்சு வாங்கி, அடுத்த படிக்குக் காலை இழுப்பான். காலையில் அவன் வரும்போது படியெல்லாம் துடைத்த ஈரம் மினுமினுக்கும். கம்பியோரம் மட்டும் ஒரு ஆள் கால் வைக்கிற அகலத்துக்குக் காய்ந்திருக்கும். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது போல என்றுதான் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தவன், கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். படி துடைக்கிற அம்மா மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பியோரத்தை மட்டும் ஒரு பழைய துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு படி முடித்து, முட்டியில் கை ஊன்றி எழுந்து, அடுத்த படிக்கு இறங்கி, மறுபடி உட்கார்ந்து. வேறு யாரும் அந்த ஓரத்தைப் பிடித்து ஏறுவதில்லை. அவன் சத்தம் போடாமல் வெளியே போய், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வந்தான்.

கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் படியம்மா. கடைக்காரனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'ஓடாது அண்ணன்'. காரணம், அவனிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்வி: வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரில் இப்போது வந்திருக்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஓடுமா? விளையாட்டைச் சும்மாதான் கொடுக்கிறார்கள். வீட்டுப் பெட்டிதான் அதைத் தாங்காது. அப்பாக்கள் பிள்ளைகளோடு வருவார்கள். கல்லூரிப் பையன்கள் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு பைக்கில் வருவார்கள். இணையத்தில் பார்த்தோம், ஓடும் என்று பச்சை டிக் காட்டியது என்பார்கள். அவன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பான். தூசியும் சின்ன கிராபிக்ஸ் கார்டும் பழைய மெமரியுமாக இருக்கும். "ஓடாதுப்பா" என்பான். ஒரு முகம் தொங்கும். அடுத்த முகம் வரும். அதுவும் தொங்கும்.

"ஏம்ப்பா, உனக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இதைத்தான் சொன்னியா?" என்று கீழே டீக்கடைக்காரர் கேட்பார். சிரிக்கக்கூட அவனுக்கு அலுப்பாக இருக்கும்.

அப்படியொரு மத்தியானம் படியம்மா போர்வையில் கட்டிய மூட்டை ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"தம்பி, வேலையா இருக்கீங்களா?"

"வேலை எப்பவும் இருக்கும்மா. என்ன மூட்டை?"

"கம்ப்யூட்டரு. என் பையன் வெளியூரு போறப்ப விட்டுட்டுப் போனது. இதுல அந்தப் புதுச் சண்டை ஆட்டம் ஓடுமான்னு பாத்துச் சொல்லுங்க."

"யாருக்கு, பேரனுக்கா?"

"பேரனுக்கு நான் எங்க போவேன்? பையனுக்கே இன்னும் பொண்ணு அமையலை. எனக்குத்தான்."

அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

படியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். மகன் தூரத்தில் ஒரு கிடங்கில் சரக்கு அடுக்குகிற வேலையில் இருக்கிறான். போன் பண்ணினால், சாப்பிட்டேன், தூங்கப் போறேன், சரிம்மா, அவ்வளவுதான். ஆனால் கூட வேலை செய்கிறவர்களோடு சாயங்காலம் அந்தச் சண்டை விளையாட்டில் உட்கார்ந்தால் பேசிக்கொண்டே இருப்பான். அதைத் தெரிந்துகொண்டு, எப்படி உள்ளே வருவது என்று அவனிடமே கேட்டுக் கேட்டு, இவரும் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"கை ரெண்டும் வேலையா இருந்தா அவனுக்கு வாய் தானா தொறக்கும் தம்பி. சின்னதுலயே அப்படித்தான். வெங்காயத்தைக் குடுத்து உரிடான்னாத்தான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் வெளிய வரும்."

"அப்போ நீங்களும் சுடுவீங்களா?"

"ஐயய்யோ, நான் ஏன் சுடறேன்? கடவுள் குடுத்த உயிரு. யாராவது அடிபட்டு விழுந்தா ஓடிப்போய்த் தூக்கி விடுவேன். அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. அதை மட்டும் கத்துக்கிட்டேன்." கொஞ்சம் யோசித்து, "எதிராளி விழுந்தாத் தூக்க முடியலையே, அது ஏன் தம்பி?" என்று கேட்டார்.

"அப்படி வைக்கலைம்மா."

"ஏன் வைக்கலை?"

அவன் மூட்டையை மேசைக்கு இழுத்து முடிச்சை அவிழ்த்தான்.

இப்போது மகனின் சிநேகிதர்கள் எல்லாரும் பழைய ஆட்டத்தை விட்டுவிட்டுப் புதியதற்குப் போகிறார்களாம். மகனும் போகிறானாம். 'உன் கம்ப்யூட்டர்ல அது ஓடாதும்மா, விட்டுடு' என்று சொல்லிவிட்டானாம்.

"அதுவும் போச்சுன்னா அப்புறம் சாப்டேன், தூங்கறேன்தான்" என்றார் படியம்மா.

'ஓடாது' என்கிற சொல் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. பெட்டியின் வயது பார்த்தாலே தெரிந்தது. சொல்லிவிட்டால் அன்றைய வேலையில் ஒன்று குறையும். ஆனால் அவர் முட்டியைத் தடவிய கையைப் பார்த்தான். கம்பியோரத்துக் காய்ந்த படி ஞாபகம் வந்தது.

"வெச்சுட்டுப் போங்கம்மா. ஓட்டியே பாத்துடறேன்."

தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. இவ்வளவு சுத்தமான பெட்டியை அவன் பார்த்ததே கிடையாது. மகன் வாங்கிப் போட்டிருந்த கிராபிக்ஸ் கார்டு பழசுதான், ஆனால் மோசமில்லை. திரைக்குப் போகிற ஒயரை மாட்டும் துளைகளில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மூடிகள். ஒரு மூடியை எடுத்துவிட்டுத் தன் ஒயரை மாட்டினான். விளையாட்டை இறக்கி, எல்லாவற்றையும் ஆகக் குறைந்த அளவில் வைத்து, புகையும் கூட்டமுமாக இருக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். வெறும் பச்சை டிக்கை அவன் நம்புவதில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தான். சூடு ஏறியது, ஒரு அளவில் நின்றது. படம் மங்கல்தான். ஆனால் நிற்கவில்லை.

ஒயரைக் கழற்றி, எடுத்த மூடியைத் தேடிப் பிடித்துப் பழையபடி மாட்டினான். இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறவருடைய பொருளை வந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஓடும்மா" என்று சொல்லிப் போர்வையில் கட்டிக் கொடுத்தான். டீ கொண்டுவந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னது? இன்னொரு தரம் சொல்லு, கேக்கறேன்."

மறுநாள் படியம்மா முகம் வாடி வந்தார். குறை சொல்கிற குரல் இல்லை.

"உங்க கடையில ஓடுச்சு தம்பி, எங்க வீட்ல ஓடலை. ஆரம்பிக்குது, அப்படியே சிலை மாதிரி நின்னுடுது. பையன் நான்தான் சொன்னேனேங்கறான். விடுங்க, எனக்குக் குடுத்து வைக்கலை."

அவனுக்கு எரிச்சல் வந்தது. அவர் மேல் இல்லை. வாழ்க்கையில் ஒருதரம் ஓடும் என்று சொன்னதும் பொய்யாகப் போனதே என்று. கடையைச் சாத்திவிட்டு அவரோடு போனான்.

படியம்மா வீடும் மேல் மாடிதான். அங்கே லிப்டே இல்லை. ஒரு மாடிக்குக் கைப்பிடியும் பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் படியம்மா அவனுக்குப் பின்னால் போய், அவன் சரிந்தால் தாங்க ஒரு கையை நீட்டியபடி ஏறி வந்தார். ஒரே அறை. கட்டில், அடுப்பு, இஸ்திரி போட்ட துணியால் மூடிய கம்ப்யூட்டர். அவன் மேசையை நகர்த்திப் பின்பக்கம் குனிந்தான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. திரை ஒயர் கார்டில் இல்லை. மேலே இருக்கிற இன்னொரு துளையில் மாட்டியிருந்தது. கார்டை விட்டுவிட்டு, பெட்டிக்குள்ளேயே இருக்கிற சின்னச் சக்தியில் படம் காட்டுகிற துளை அது.

"இதை யாரும்மா இங்க மாட்டினது?"

"நான்தான். பையன் போனதும் எல்லாத்தையும் கழட்டி நல்லாத் தொடைச்சேன். திரும்ப மாட்டறப்ப இது பொருந்துச்சு."

"கீழ இருக்கற இதுல மாட்டியிருக்கணும்."

"அதுக்கெல்லாம் மூடி போட்டிருக்கே தம்பி! மூடி வெச்சதைத் தொறக்கலாமா? ஒண்ணுத்துல மட்டும் மூடி இல்லாம இருந்துச்சு. தூசி போகுமேன்னு டப்பாவுல கெடந்த மூடியை எடுத்து நானே மூடிட்டேன்."

மகன் ஒயர் மாட்டியிருந்த துளை அதுதான். அதை அவர் ஒருதரம் மூடினார். கடைக்காரன் பத்திரமாக இன்னொரு தரம் மூடினான். தரையில் உட்கார்ந்தபடியே அவனுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அப்போ பழைய ஆட்டத்தையும் இதுலயேதான் ஆடினீங்களா? படம் விட்டு விட்டு வந்திருக்குமே!"

"ஆமா, எல்லாரும் விக்கல் வந்தவங்க மாதிரிதான் நடப்பாங்க. சண்டைன்னா அப்படித்தான்னு இருந்துட்டேன்."

ஒயரை மாற்றினான். படியம்மா கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். புகை நடுவே ஆட்கள் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். "தம்பி, நல்லா நடக்கறாங்க!" என்று குழந்தைபோல அவன் தோளைத் தட்டினார்.

ஸ்பீக்கரில் குரல்கள் வந்தன. "டேய், அம்மா வந்துட்டாங்கடா! இனிமே பயப்படாம விழலாம்." பிறகு மகனின் குரல், திடுக்கிட்டு: "அம்மா? நீ எப்படி உள்ள வந்த?"

"வழி தெரிஞ்சுது, வந்தேன்."

கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் போனது. விழுந்தவர்களை ஓடி ஓடித் தூக்கினார். மகனின் ஆள் விழுந்தான், தூக்கினார். மறுபடி விழுந்தான். மறுபடி தூக்கினார். மெல்ல மெல்ல அவர் பேச்சு நின்றுபோனதைக் கடைக்காரன் கவனித்தான். திரைக்குக் கிட்டே போய் முகத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, நீ இப்படி விழறவன் இல்லையே."

"புது ஆட்டம்மா. இன்னும் பழகலை."

"மத்தவங்களுக்கும்தான் புதுசு. அவங்க சட்டுனு திரும்பறாங்க. நீ மட்டும் தலையில மூட்டை வெச்சவன் மாதிரி திரும்பற. கையில என்னடா?"

மகனின் ஆள் இன்னொரு தரம் விழுந்தான்.

"சொல்லிடுடா" என்றது ஒரு சிநேகிதனின் குரல்.

கிடங்கில் ஒரு பெட்டி சரிந்து வலது கையில் விழுந்ததாம். விரல் இரண்டு இன்னும் மடங்கவில்லையாம். இடது கையால் விளையாடுகிறானாம். "உன் பெட்டியில பழைய ஆட்டம் விட்டு விட்டுத்தான் வரும், நான் மெதுவாத் திரும்பறது தெரியாது. புதுசு வேணாம்னு அதான் சொன்னேன். நீ பயப்படுவேன்னு..."

படியம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் அவருடைய ஆள் வெட்டவெளியில் அப்படியே நின்றான்.

"எந்தக் கையால சாப்பிடற?"

"ஸ்பூன்லம்மா."

"துணி?"

எதிரணி ஆள் ஒருத்தன் புகைக்குள்ளிருந்து வெளியே வந்தான்.

"அம்மா, நிக்காத. ஓடு. சுட்டுடுவாங்க."

"சுடட்டும்" என்றார் படியம்மா.

ஓடாது என்றே சொல்லித் தொலைத்திருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டே கடைக்காரன் எழுந்தான். படியம்மா போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்வாசல் வரைக்கும் கூடவே இறங்கி வந்தார். அவனுடைய கால் தேயும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் அவர் நிறைய நாள் வேலையில் இருக்கவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு மகனிடம் போவதென்று முடிவாயிற்று. எத்தனை மாதம் ஆகுமோ, அங்கே இருக்க இடம் எப்படியோ, ஒன்றும் தெரியாது. கடைசி நாளும் படியெல்லாம் துடைத்துவிட்டு, அதே போர்வையில் அதே பெட்டியைக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். ரொம்பக் களைத்திருந்தார். மூட்டையை மேசைமேல் வைத்தார்.

"நீங்களே வெச்சுக்கோங்க தம்பி. பக்கத்துலயே இருக்கப் போறேன். வெங்காயத்தைக் குடுத்தாப் பேசிட்டுப் போறான்."

"ஒரு கையால எப்படிம்மா உரிப்பான்?"

"ஒரு கை அவனுது, ஒரு கை என்னுது."

அவன் எழுந்து படிக்கட்டுவரை வந்தான். அந்தக் காய்ந்த ஓரத்தைப் பற்றி இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அதற்குள் படியம்மா நாலு படி இறங்கி, கம்பியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார்.

"புதுசா வர்ற ஆளு எப்படித் தொடைப்பாங்களோ தெரியாது. படி ஈரமா இருந்தா கீழயே நின்னு ஒரு டீயைக் குடிங்க, காஞ்சப்புறம் ஏறுங்க. மேல உங்களுக்காகக் காத்திருக்கறதெல்லாம் ஓடாத பெட்டிங்கதானே தம்பி, அதுங்க எங்கயும் ஓடிப்போயிடாது."